உருளைப் பெட்டியா, நீளக் குழாயா? குறைந்த செலவில் வீட்டிலேயே சப்வூஃபர்

குழாயில் சப்வூஃபர், அதாவது ஆழ்ந்த பேஸுக்கான ஸ்பீக்கர், செய்ய இறங்குபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, குழாயிடம் என்ன வேலை வாங்கப்போகிறோம் என்பதைத்தான். குழாயை வெறும் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். அப்போது உள்ளே எத்தனை லிட்டர் காற்று அடைபட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. உருண்டையா சதுரமா என்பது ஆழமான பேஸுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். அல்லது குழாயின் நீளத்தையே அதிர வைக்கலாம். அப்போது கணக்கு லிட்டரில் இல்லை, மீட்டரில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் எந்த டிரைவர் (கூம்பு வடிவக் கோன் முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் பகுதி) வாங்குவது, எவ்வளவு இடம் ஒதுக்குவது, எத்தனை நாள் உழைப்பது என்ற எல்லாமே இதைப் பொறுத்து மாறிவிடும்.

இரண்டு வழிக்கும் பொதுவான லாபம் ஒன்று உண்டு. பேஸ் ஒலிக்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கும். தட்டையான பலகை அந்த அழுத்தத்தில் நடுவில் புடைக்கும், உள்வாங்கும். அதைத் தடுக்கத்தான் கனமான பலகை, குறுக்குச் சட்டம் என்று செலவு ஏறுகிறது. உருளையில் அழுத்தம் சுவரை எல்லாப் பக்கமும் சமமாக வெளியே தள்ளுகிறது. அதனால் சுவர் வளைவதில்லை, இழுபட மட்டுமே பார்க்கிறது. அட்டையை வளைப்பது எளிது. இழுத்து நீட்டுவது எளிதல்ல. சில மில்லிமீட்டர் கனமுள்ள அட்டைக் குழாய் 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையின் வேலையைச் செய்வதற்கு இதுதான் காரணம். 113 லிட்டர் கொள்ளும் சதுரப் பெட்டிக்குச் சுமார் ஒன்றரை சதுர மீட்டர் பலகை வேண்டும். அதே கொள்ளளவை 40 செ.மீ. உள்விட்டமும் 90 செ.மீ. உயரமும் உள்ள குழாயில் பிடித்தால் மேல்மூடி, கீழ்மூடிக்கு மட்டும் பலகை போதும். மூடிகளை இரட்டையாக ஒட்டினாலும் செலவாகும் பலகை பாதிதான். எடையும் நன்றாகக் குறையும். அமெரிக்காவின் ஹ்சூ ரிசர்ச், எஸ்விஎஸ் போன்ற நிறுவனங்கள் உருளை சப்வூஃபர்களை விற்றே பெயர் எடுத்தன.

மூடிய உருளை

டிரைவரைப் பொருத்தி, எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. கணக்கில் சின்னத் தவறு இருந்தாலும் ஒலி கெட்டுவிடாது. அதிர்வெண் குறையக் குறைய ஒலி மெதுவாகத்தான் விழும், ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல். சிறிய அறையில் அறையே ஆழ்ந்த பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் அந்த விழுதல் காதுக்கு இன்னும் குறைவாகத் தெரியும்.

ஆனால் டிரைவர் ஒத்துவர வேண்டும். ஒவ்வொரு டிரைவருக்கும் எஃப்எஸ் (கோன் இயல்பாக ஆடும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த ஆட்டம் எவ்வளவு அடக்கப்படுகிறது என்பது), வாஸ் (கோனின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு), எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒரு பக்கம் சீராக நகரக்கூடிய தூரம்) என்று சில எண்கள் தரப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கி, 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் முழுமையாக்கிய முறை அது. இந்த எண்கள் கிடைக்காத டிரைவரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள். ஓர் உதாரணம்: எஃப்எஸ் 25 ஹெர்ட்ஸ், வாஸ் 80 லிட்டர், க்யூடிஎஸ் 0.5 உள்ள டிரைவருக்குச் சமநிலையான மூடிய பெட்டி 80 லிட்டர். ஒலி விழத் தொடங்குவது 35 ஹெர்ட்ஸ் பக்கத்தில். அதே டிரைவரின் க்யூடிஎஸ் 0.4 என்றால் பெட்டி 38 லிட்டராகச் சுருங்கிவிடும், ஆனால் விழத் தொடங்கும் இடம் 44 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். இதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கூடுதல் வாட்டும், டிரைவரிலிருந்து கூடுதல் அசைவும் கேட்க வேண்டும். ஒரே சத்த அளவுக்கு, அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். குறைந்த செலவில் செய்பவருக்கு இந்த இடம்தான் இடிக்கும்: அவ்வளவு தூரம் நகரும் டிரைவர் மலிவாகக் கிடைக்காது.

போர்ட் வைத்த உருளை

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஊம் என்று கேட்குமே, அதே தத்துவம்தான். உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்காகவும், போர்ட்டில் (உருளையில் பொருத்தும் திறந்த சிறு குழாயில்) இருக்கும் காற்று எடையாகவும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஆடும். அந்த அதிர்வெண்ணில் போர்ட்தான் ஒலியைத் தள்ளுகிறது, கோன் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அதாவது டிரைவர் அதிகம் திணற வேண்டிய இடத்தில் அதன் சுமையைக் காற்று வாங்கிக்கொள்கிறது. எக்ஸ்மேக்ஸ் குறைவான மலிவு டிரைவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

உருளை இங்கே இன்னொரு வகையிலும் கைகொடுக்கிறது. 100 லிட்டர் காற்றை 25 ஹெர்ட்ஸில் ட்யூன் செய்ய, 10 செ.மீ. விட்டமுள்ள போர்ட் என்றால் சுமார் 30 செ.மீ. நீளம் வேண்டும். ஆனால் 12 இன்ச் டிரைவரை நன்றாக ஓட்டினால் இந்தப் போர்ட்டில் காற்று புஸ்ஸென்று சீறும். காற்றின் வேகம் வினாடிக்கு 17 மீட்டருக்குள் இருப்பது நல்லது என்பார்கள். அகலமான 15 செ.மீ. போர்ட் வைத்தால் சீறல் அடங்கும், ஆனால் நீளம் 74 செ.மீ. ஆகிவிடும். சதுரப் பெட்டியில் இதை மடக்கித்தான் நுழைக்க வேண்டும். உயரமான உருளையில் நேராக இறக்கிவிடலாம். போர்ட்டின் உள்முனைக்கும் எதிர்மூடிக்கும் நடுவே குறைந்தது போர்ட்டின் விட்டமளவு இடைவெளி விட வேண்டும், அதனால் குழாயை 10–15 செ.மீ. கூட்டி வெட்டிக்கொள்ளுங்கள். போர்ட் அடைத்துக்கொள்ளும் லிட்டரும் அதிலேயே ஈடாகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ட்யூனிங்குக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சரிவதோடு, கோனுக்குப் பிடிமானமும் போய்விடும். 25 ஹெர்ட்ஸில் ட்யூன் செய்த உருளைக்கு 15 ஹெர்ட்ஸ் சிக்னலைச் சத்தமாகக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது, கோன் மட்டும் வெளியே வந்துவிடுவதுபோல் துள்ளும். ஆம்ப்ளிஃபையரில் சப்சோனிக் ஃபில்டர் (மிகக் குறைந்த அதிர்வெண்களை வெட்டும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

விட்டத்திலும் கவனம் வேண்டும். 100 லிட்டர் வேண்டும் என்பதற்காக 25 செ.மீ. விட்டமுள்ள குழாயை 2 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தினால், உள்ளே மேலும் கீழும் போய்வரும் நிலையலை 86 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். சப்வூஃபருக்குப் போகும் ஒலியின் மேல் எல்லையைப் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வெட்டுகிறோம். அதனால் இது காதில் விழும். 40 செ.மீ. விட்டத்தில் உயரம் 90 செ.மீ. போதும், நிலையலை 190 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், கவலையில்லை. பெட்டியாக வைத்துக்கொள்ளும் குழாய் குண்டாக இருப்பதே நல்லது. ஒல்லியாக நீளும்போது, நாம் கேட்காமலேயே அது அடுத்த வகைக்கு மாறத் தொடங்கிவிடுகிறது.

கால் அலைக் குழாய்

ஒரு முனை மூடி, மறுமுனை திறந்திருக்கும் குழாய், தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளம் உள்ள ஒலிக்கு ஒத்ததிரும். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 344 மீட்டர். ஆக 40 ஹெர்ட்ஸுக்கு 2.15 மீட்டர், 30 ஹெர்ட்ஸுக்கு 2.87 மீட்டர், 20 ஹெர்ட்ஸுக்கு 4.3 மீட்டர். திறந்த முனையில் ஆரத்தின் 0.6 பங்கு கழியும் என்பதால் வெட்டும் நீளம் சில சென்டிமீட்டர் குறையும். இந்தக் கணக்கு குழாய் காலியாக இருக்கும்போது. உள்ளே பஞ்சு அடைத்தால் ட்யூனிங் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

பிவிசி பைப்புக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. 200 மி.மீ. பைப்பில் 8 இன்ச் டிரைவர், நடுவில் எல்போ போட்டு மடக்கினால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் 30 ஹெர்ட்ஸ். 160 மி.மீ. பைப்பில் ஆறரை இன்ச் டிரைவர், 2.1 மீட்டர் நீளம், 40 ஹெர்ட்ஸ். குழாயின் உள்குறுக்குப் பரப்பு கோனின் பரப்பைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் நல்லது. இந்த இரண்டு ஜோடியிலும் அது சுமார் 1.3 மடங்கு. சிறிய டிரைவரிலிருந்து இவ்வளவு ஆழமான பேஸ் வருவதை முதல்முறை கேட்பவர்கள் டிரைவரின் அளவை நம்புவதில்லை.

சிக்கல் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. 30 ஹெர்ட்ஸ் குழாய் 90-இலும் 150-இலும் சேர்ந்து அதிரும். பாடலில் ஒரு சில பேஸ் சுரங்கள் மட்டும் தனியாக முட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு அழகான தீர்வு ஒன்று இருக்கிறது. மூடிய முனையிலிருந்து நீளத்தின் மூன்றில் ஒரு பங்கில் டிரைவரை வைத்தால் 90 ஹெர்ட்ஸ் அதிர்வை அதனால் கிளப்ப முடியாது, அந்த இடத்தில் அந்த அலையின் அழுத்தம் பூஜ்யம். உருண்டைக் குழாயின் பக்கவாட்டில் தட்டையான டிரைவரை எப்படிப் பொருத்துவது? இங்கேதான் பிவிசிக்குப் பெரிய வசதி: டி ஜாயின்ட். 2.8 மீட்டர் குழாயில் 93 செ.மீ. தொலைவில் ஒரு டி போட்டு, அதன் கிளையில் வட்டப் பலகையை ஒட்டி, டிரைவரைத் திருகிவிடலாம். மூடிய முனைக்குத் திருகு மூடி போட்டால் அதைக் கழற்றி பாலியஸ்டர் பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பஞ்சு மீதமுள்ள மேலதிர்வுகளை அடக்கும், கூடவே கொஞ்சம் ஆழ்ந்த பேஸையும் விழுங்கும். எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஆர்தர் பெய்லி 1965-இல் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் விவரித்த டிரான்ஸ்மிஷன் லைன் பெட்டியும் நீண்ட பாதையையும் அதை நிரப்பும் பஞ்சையும் நம்பியதுதான்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போஸ் நிறுவனத்தின் வேவ் கேனன், இரு முனையும் திறந்த நீண்ட குழாய்க்குள் டிரைவரை ஒரு பக்கம் தள்ளி வைத்தது. ஒரு பக்க நீளம் மறுபக்கத்தைப்போல் மூன்று மடங்கு. சுமார் மூன்றரை மீட்டருக்கு மேல் நீளும் அதை வீட்டுக் கூடத்தில் வைப்பது சிரமம். டிரைவரின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒரே பாதையில் இணைக்கும் டேப்டு பைப் சத்தத்தில் எல்லாரையும் மிஞ்சும், ஆனால் அதை மடிப்பு மடிப்பாகப் பிளைவுட்டில் கட்டுவதுதான் முறை. உருண்டைக் குழாய் அதற்கு ஒத்துவராது.

எந்தக் குழாய்?

கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக் குழாய்தான் குண்டு உருளைக்கு முதல் தேர்வு. தாளைச் சுருள் சுருளாகச் சுற்றி ஒட்டியது. பெரிய விட்டங்களில் கிடைக்கும். கட்டட வேலை முடிந்த இடத்தில் துண்டு மிஞ்சியிருந்தால் செலவே இல்லை. பகை ஈரம்தான். வெட்டிய விளிம்பைப் பசையோ வார்னிஷோ பூசி மூடாவிட்டால் அங்கிருந்து அடுக்கு அடுக்காகப் பிரியும். உள்சுவரில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்க ஒரு வழவழப்பான பூச்சு இருக்கும். மூடி ஒட்டும் இடத்தில் மட்டும் அதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மரப்பசை பிடிக்காது.

பிவிசி ஈரத்துக்கு அஞ்சாது, எல்போவும் டி-யும் தயாராகக் கிடைக்கும், சால்வென்ட் சிமெண்ட் நொடியில் பிடிக்கும். ஆனால் விட்டம் கூடக்கூட விலை மளமளவென ஏறும். 200 மி.மீ. வரை பிவிசி, அதற்கு மேல் அட்டை என்று வைத்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் இருக்கும். வெட்டும்போது முகமூடி அவசியம்; பிவிசியைச் சூடுகாட்டி வளைக்க முயல வேண்டாம், சூடேறினால் கெட்ட புகை வரும்.

வழவழப்பான ஹெச்டிபிஇ குழாய் மலிவாகக் கிடைத்தாலும் அதில் வழக்கமான பசை எதுவும் ஒட்டாது, மூடியைக் காற்றுப் புகாமல் அடைப்பது பெரும்பாடு. மெல்லிய தகரக் குழாய் கணகணக்கும். இரண்டையும் விட்டுவிடலாம். துணி, தரைவிரிப்பு சுற்றி வரும் கனத்த அட்டைக் குழல்கள் பெட்டிக்குச் சிறியவை, ஆனால் 7 முதல் 10 செ.மீ. விட்டத்தில் அருமையான போர்ட் ஆகும்.

நான் சொல்லும் தேர்வு

பணம் குறைவு, நல்ல ஆழம் வேண்டும், படமும் பாட்டும் கேட்கப்போகிறோம் என்றால் அட்டைக் குழாயில் போர்ட் வைத்த உருளையைத் தயங்காமல் சொல்வேன். 10 அல்லது 12 இன்ச் டிரைவர், க்யூடிஎஸ் 0.3 முதல் 0.45 வரை, ட்யூனிங் 22 முதல் 28 ஹெர்ட்ஸ். பலகையில் மிச்சமாகும் பணத்தை அப்படியே டிரைவரில் போடுங்கள்; ஆம்ப்ளிஃபையரில்கூட அல்ல. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான், அதுவும் டிரைவர் தாங்கினால். 

கையில் ஏற்கெனவே சிறிய டிரைவர் இருக்கிறது, தரையில் இடம் கிடையாது, மூலையில் உயரம் இருக்கிறது என்றால் பிவிசி கால் அலைக் குழாய். டிரைவரின் எஃப்எஸ் குழாயின் ட்யூனிங்குக்கு அருகில் இருக்க வேண்டும், க்யூடிஎஸ் 0.3 முதல் 0.5 வரை. டிபிஏ3116 சிப் வைத்த சின்ன ஆம்ப் போர்டு, மோனோவாக இணைத்தால், இதற்குத் தாராளம். கட்டிமுடித்த பிறகும் பஞ்சு, டிரைவர் இடம் என்று மாற்றிப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு இந்த வழிதான் அதிக மகிழ்ச்சி தரும்.

க்யூடிஎஸ் 0.5-க்கு மேல் போகும் டிரைவர் கையில் இருந்தால், போர்ட் வைக்க ஆசைப்பட வேண்டாம், ஒரே சுரத்தில் கும்கும் என்று அடிக்கும். மூடிய உருளையே கதி, அதில் ஒரு குறையும் இல்லை. 

பெட்டியாகப் பயன்படும் உருளையைக் கணக்கிட வின்ஐஎஸ்டி மென்பொருள் போதும். நீளக் குழாய்க்கு ஹார்ன்ரெஸ்ப் வேண்டும், ஏனென்றால் முதல் மென்பொருள் நீளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டும் இலவசம்.

அட்டை உருளை கட்டும்போது

குழாயை நேராக வெட்ட, அகலமான ஒரு தாளைக் குழாயைச் சுற்றி, விளிம்போடு விளிம்பு சேரும்படி ஒட்டி, அந்த ஓரத்தில் கோடு போடுங்கள். குழாயை உருட்டி உருட்டி, ஒரே சுற்றில் முழு ஆழம் வெட்டாமல் இரண்டு மூன்று சுற்றாக வெட்டினால் விளிம்பு பிசிறாது. ஒவ்வொரு மூடிக்கும் 18 மி.மீ. பலகையில் இரண்டு வட்டம்: ஒன்று குழாயின் உள்ளே இறுக்கமாக இறங்குவது, இன்னொன்று வெளிவிளிம்பில் உட்காருவது. இரண்டையும் மையம் பிசகாமல் ஒட்டினால் படி வைத்த மூடி தயார். உருளையில் தட்டையாக மிஞ்சும் இரண்டே இடம் மேல்மூடியும் கீழ்மூடியும்தான், அதனால் கனத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கை முட்டியால் தட்டிப் பாருங்கள்: குழாய்ச் சுவர் டொக் என்று சுருக்கமாக அடங்க வேண்டும், மூடி அதைவிடச் சுருக்கமாக.

டிரைவரைக் கீழ்நோக்கி வைப்பதுதான் உருளைக்கு வழக்கம். கோன் நாளடைவில் தொங்கிவிடாதா என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். தொங்கும் அளவை எஃப்எஸ் மட்டுமே தீர்மானிக்கிறது: 30 ஹெர்ட்ஸ் என்றால் 0.28 மி.மீ., 20 ஹெர்ட்ஸ் என்றால் 0.62 மி.மீ. எக்ஸ்மேக்ஸ் 10 மி.மீ. உள்ள டிரைவருக்கு இது பொருட்டே அல்ல. எஃப்எஸ் 20-க்கும் கீழே, எக்ஸ்மேக்ஸும் குறைவு என்றால் மட்டும் பக்கவாட்டு அமைப்பை யோசியுங்கள். தரைக்கும் டிரைவருக்கும் இடையே, 12 இன்ச் டிரைவர் என்றால், 7 செ.மீ.க்குக் குறையாமல் கால் வையுங்கள். அடிப்பலகை குழாயைவிட அகலமாக இருக்கட்டும், குழந்தைகள் ஓடும் வீட்டில் உருளை சாயக் கூடாது.

போர்ட்டைக் கணக்குக்கு மேல் 5 செ.மீ. நீளமாகவே விட்டு, ஒட்டாமல் செருகி வைத்துச் சோதியுங்கள். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பை இறக்கி, சத்தத்தை மிதமாக வைத்து, 40 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வாருங்கள். கோன் அசைவு குறைந்துகொண்டே வந்து ஓர் எண்ணில் கிட்டத்தட்ட நிற்கும். போர்ட் வாயில் கை வைத்தால் காற்று அங்கேதான் பலமாக அடிக்கும். அதுதான் உண்மையான ட்யூனிங். 100 லிட்டர் உருளையில் 10 செ.மீ. போர்ட் 23-இல் நின்றால், 5 செ.மீ. வெட்டினால் 25-க்கு அருகில் வந்துவிடும். அப்புறம் ஒட்டுங்கள்.